மரக் கடைசல் பழக விரும்புவோர் கேட்கும் கேள்விகள்: பினாங்கிலிருந்து சில விடைகள்

பினாங்கில் என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கடைசல் எந்திரம் ஓடத் தொடங்கிய நாள் முதல், அக்கம்பக்கத்தாரும் உறவினரும் கோயிலில் சந்திப்போரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்டு வருகின்றனர். நான் தொழில்முறைக் கடைசல்காரன் அல்லன். ஓய்வு நேரத்தில் பழகியவன். அந்தக் கேள்விகளையும் என் அனுபவம் இடம் கொடுத்த அளவிலான விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கடைசல் என்பது என்ன? தச்சு வேலையிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

தச்சு வேலையில் மரம் அசையாதிருக்கக் கருவி நகர்கிறது. கடைசலில் மரம் தன் அச்சில் சுழல, உளி ஏறத்தாழ நின்ற இடத்தில் நின்று அதைச் சீவுகிறது. ஆகவே பூரிக்கட்டை, மத்து, கட்டில் கால், கிண்ணம், பம்பரம் என உருண்டையான எதையும் இம்முறையில் செய்யலாம்.

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் இருப்பதன் பொருத்தம், பழைய கைக்கடைசலைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். மரத்தின் மேல் கயிற்றைச் சுற்றி ஒருவர் மாறி மாறி இழுப்பார். மத்தைப் போலவே மரமும் முன்னும் பின்னுமாகச் சுழலும். கடைபவரை நோக்கி மரம் சுழலும் அரைப் பொழுதில் மட்டும் உளி வெட்டும். மோட்டார் வந்தபின் சுழற்சி ஒரே திசையில் நிலைத்தது. மற்றபடி வேலையின் இயல்பு மாறவில்லை. பினாங்கின் தண்ணீர்மலைக் கோயில் தைப்பூசத்தில் நாம் கேட்கும் நாதசுரமும் கடைசலில் பிறப்பதுதான். தஞ்சை வட்டாரத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படும் நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்ய முடியுமா?

முடியும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்திரத்தின் ஓசை மின்விசிறியை விடச் சற்றே அதிகமாக இருக்கலாம். ஆனால் சமநிலையற்ற கட்டையின் அதிர்வு தரை வழியே கீழ்வீட்டுக் கூரைக்கு இறங்கும், தூசி காற்றோடு பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் போகும். தரைவீட்டின் முன்புறமோ பின்புறமோ, மழைச்சாரல் படாத 2 மீட்டர் அகல இடமும் நல்ல வெளிச்சமும் கிடைத்தால் போதும்.

எந்திரம் வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு அளவுகள் முக்கியமானவை. ஒன்று, எந்திரம் சுழற்றக்கூடிய மரத்தின் அதிகபட்ச விட்டம். மற்றொன்று, இரு முனைகளுக்கும் இடையே பொருத்தக்கூடிய நீளம். 10 முதல் 12 அங்குல விட்டமும் 15 முதல் 20 அங்குல நீளமும் உள்ள மேசை எந்திரம் தொடக்கநிலையாளருக்குப் பல ஆண்டுகள் போதுமானது. எடை கூடினால் அதிர்வு குறையும் என்பதால், தூக்கிப் பார்க்கும்போது கனக்கிறதே என்று வருந்த வேண்டாம். வேகத்தைக் குமிழ் திருகி மாற்றும் வசதி இருந்தால் நல்லது. வார்ப்பட்டையைக் கழற்றி மாட்டி வேகம் மாற்ற வேண்டிய எந்திரத்தில், சோம்பலால் தவறான வேகத்திலேயே வேலையைத் தொடர்ந்துவிடுவோம்.

மரத்தைப் பற்றிப் பிடிக்கும் சக் என்னும் தாடைப்பிடியை வாங்குமுன், எந்திரத்தின் சுழல்தண்டில் உள்ள மரை எத்தகையது என்று பாருங்கள். இவ்வகைச் சிறிய எந்திரங்கள் பலவற்றில் அது 1 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 8 புரிகளும் கொண்டதாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து பழைய எந்திரம் தருவிக்க நினைப்போர் மின்னழுத்தத்தையும் மறக்கக் கூடாது. நம் வீட்டு மின்சாரம் 230 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க வீடுகளுக்கெனச் செய்த 120 வோல்ட் எந்திரம் இங்கே தலைவலியாகவே முடியும்.

உளிகள், சக், சாணை எந்திரம், முகக்கவசம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, கடைசல் எந்திரத்தின் விலையை எட்டிவிடக்கூடும். கையில் உள்ள பணத்தைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குள் எந்திரத்தைத் தேடுவதே விவேகம்.

இரும்புக்கான லேத் எந்திரத்தில் மரத்தைக் கடையலாமா?

கடையலாம், ஆனால் பழக்கத்துக்கு உகந்ததன்று. கோலாலம்பூரில் செந்தூல் ரயில் பட்டறையின் நினைவு உள்ள குடும்பங்களில் லேத் என்றாலே இரும்புக் கடைசல்தான் நினைவுக்கு வரும். அதில் உளியை எந்திரமே பிடித்திருக்கும், மனிதர் கைச்சக்கரத்தைத் திருகுவார். மரக் கடைசலின் கலையோ உளி பிடித்த கையில் இருக்கிறது.

எத்தனை உளிகள் தேவை?

நான்கு போதும். சதுரக் கட்டையை உருட்டையாக்கும் அகன்ற குழியுளி ஒன்று, வளைவுகளையும் பள்ளங்களையும் எடுக்கும் சிறிய குழியுளி ஒன்று, அளவுக் கோடு இறக்கவும் துண்டிக்கவும் பயன்படும் குறுகிய பிரிப்புளி ஒன்று, முனை சாய்வாக உள்ள தட்டையுளி ஒன்று. கிண்ணம் கடையும் நாள் வரும்போது அதற்கான கனத்த குழியுளியை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். அழகிய பெட்டியில் அடுக்கி வரும் எட்டு, பத்து உளிகளின் தொகுப்பில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். சதுரத்தை உருட்டையாக்கும் அகன்ற குழியுளியைக் கிண்ணத்தின் மீது ஒருபோதும் வைக்காதீர்கள். அது கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மெலிந்து தட்டையாகிவிடுகிறது. கிண்ணக் கட்டை சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை, நார்களின் முனைகள் தெரியும் வெட்டுமுகம் எதிர்ப்படுவதால் உளி கொத்திக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. கொத்தினால் அந்த மெலிந்த இடத்தில் உளி முறிந்து, முறிந்த துண்டு கடைபவரின் முகத்தை நோக்கி வரக்கூடும்.

எஃகைப் பொறுத்தவரை, அதிவேக எஃகு எனப்படும் ஹெச்.எஸ்.எஸ். வகையே தொடக்கநிலையாளருக்கு ஏற்றது. சாணையில் சூடேறி நீலம் பாரித்தாலும் அதன் கடினம் போகாது. லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பழைய உளிகள் கண்ணில் படுவதுண்டு; அத்தகையவை பெரும்பாலும் கரிம எஃகு. நல்ல கூர் ஏறும், ஆனால் சாணையில் ஒருமுறை நீலம் பாரித்துவிட்டால் அந்த இடம் மென்மையாகிவிடும்.

சாணை பிடிப்பதை முதலிலேயே கற்க வேண்டுமா?

எந்திரத்தை இயக்கும் முன்பே கற்க வேண்டும். கடைசல் பழகிப் பாதியில் கைவிட்டவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கைவிட்டது கடைசலை அன்று, மழுங்கிய உளியைத்தான்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தவன். புதிய உளி கூர்மையாகத்தான் வரும் என்று நம்பி, கடையிலிருந்து வந்தபடியே பல மாதங்கள் பயன்படுத்தினேன். மரம் சீவலாக வராமல் மாவாக உதிர்ந்தது, நான் மேலும் அழுத்தினேன், தோள் வலித்தது, மரத்தின் மேற்பரப்பு நாய் கடித்தது போலப் பிய்ந்து கிடந்தது. ஒரு நாள் வீட்டுக்கு வந்த முதிய ஆசாரி ஒருவர் உளியை வாங்கித் தம் கட்டைவிரல் நகத்தின் மீது மெல்ல வைத்தார். அது வழுக்கிக்கொண்டு போயிற்று. “தம்பி, இதை வைத்துக்கொண்டு மரத்திடம் கெஞ்சத்தான் முடியும்” என்றார். கூர் ஏறிய உளி நகத்தில் வழுக்காது, பற்றி நிற்கும். இன்றும் ஒவ்வொரு முறையும் நான் செய்யும் சோதனை அதுவே.

மேசைச் சாணை எந்திரங்களில் இரு வகை உண்டு. நம் மின்சாரத்தில் ஒரு வகை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்றும் மற்றொன்று ஏறத்தாழ 1,450 சுற்றும் சுழலும். பழகுவோர்க்கு மெதுவானதே நல்லது, ஏனெனில் அது கைத்தவறுகளைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். 8 அங்குலக் கல், வெள்ளை அலுமினிய ஆக்சைடு வகை, போதும். உளியின் சாய்முகம், அதாவது வெட்டுமுனையை ஒட்டிச் சாய்வாகத் தீட்டிய பரப்பு, அதன் கோணத்தை ஒவ்வொரு முறையும் மாறாமல் காக்கும் பிடிசட்டம் ஒன்றை வாங்குங்கள் அல்லது பலகையில் செய்துகொள்ளுங்கள். அகன்ற குழியுளிக்கு 45 பாகை, சிறிய குழியுளிக்கு 35 முதல் 40 பாகை, கிண்ண உளிக்கு 55 பாகை அளவில் தொடங்கலாம். சாய்முகத்துக்கு எழுத்து மையைப் பூசி, கல்லை மின்சாரமின்றிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால், எங்கே உரசுகிறது என்பது மை அழிந்த இடத்தில் தெரிந்துவிடும்.

அடிக்கடி, ஆனால் மிகச் சிறிதளவே தீட்ட வேண்டும். வேலை நடக்கும்போது கால் மணிக்கு ஒருமுறை சாணைக்குப் போவது மிகையன்று.

முதலில் எதைக் கடைவது? கிண்ணம் செய்யவே ஆசையாக இருக்கிறது.

எல்லோருக்கும் கிண்ணம்தான் ஆசை. ஆனால் முதல் இரண்டு மாதங்களுக்கு இரு முனைகளுக்கிடையே பொருத்திக் கடையும் நீளமான பொருள்களோடு நில்லுங்கள். அங்கே மரத்தின் நார் அச்சுக்கு இணையாக ஓடுகிறது. உளி என்ன செய்கிறது என்பதைக் கண்ணாலும் காதாலும் உணர முடிகிறது. தவறு நேர்ந்தாலும் பெரும்பாலும் அது மரத்தோடு போய்விடுகிறது.

என் பரிந்துரை பூரிக்கட்டை. 5 சென்டிமீட்டர் சதுரமும் 35 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ரப்பர் மரக் கட்டையை எடுங்கள். இரு முனைகளிலும் மூலைவிட்டங்கள் வரைந்து மையம் குறியுங்கள். எந்திரத்தின் இடப்பக்க முள்முனையைக் கழற்றி, மரச் சுத்தியலால் அதைக் கட்டையின் மையத்தில் அடித்துப் பதித்துவிட்டுப் பிறகு எந்திரத்தில் ஏற்றுங்கள். வலப்பக்கத்துச் சுழல்முனையை நெருக்கிப் பூட்டுங்கள். உளி தாங்கியை மரத்திலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, கட்டையைக் கையால் முழுச்சுற்றுச் சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே மின்விசையைத் தட்டுங்கள்.

அகன்ற குழியுளியால் நடுவிலிருந்து தொடங்காமல், முனையிலிருந்து சில சென்டிமீட்டர் உள்ளே வைத்து முனையை நோக்கிச் சீவி, சிறிது சிறிதாகப் பின்வாங்கி வாருங்கள். சதுரம் உருட்டையாகும்வரை தடதடவென்ற ஓசை கேட்கும். அது மறைந்து ஒரே சீரான ஒலியானால் உருட்டை வந்துவிட்டது என்று பொருள். அடுத்துப் பிரிப்புளியால் சில இடங்களில் குறித்த விட்டத்துக்குப் பள்ளம் இறக்கி, இடுக்கிமானியால் அளந்து, பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேட்டைச் சமன் செய்யுங்கள்.

முதல் கட்டை பார்வைக்கு நன்றாக வந்துவிட்டால் உடனே சமையலறைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதிலேயே குமிழும் பள்ளமும் மாறி மாறிக் கடைந்து, விரல் தடிமனாகும்வரை பழகி, அடுத்ததை எடுங்கள். பத்துக் கட்டைகளைச் சீவலாக்கியவர் பதினொன்றாவதில் பூரிக்கட்டை செய்தால், அது வீட்டாரின் கைக்கு உறுத்தாமல் இருக்கும். மத்து அதற்கும் அடுத்த படி. அதன் தலைப்பிளவுகளை எந்திரத்தை நிறுத்திவிட்டு வாளாலும் கத்தியாலும் வெட்ட வேண்டியிருக்கும்.

உளி திடீரென்று மரத்தில் கொத்தி இழுப்பது ஏன்?

வெட்டுமுனை தாங்குதலின்றி மரத்தைத் தொடுவதால். ஒழுங்கு எப்போதும் ஒன்றே: முதலில் உளி தாங்கியின் மீது அமர வேண்டும், அடுத்து அதன் சாய்முகம் சுழலும் மரத்தில் வெட்டாமல் உரச வேண்டும், அதன் பிறகே கைப்பிடியை மெல்ல உயர்த்தி வெட்டுமுனையை மரத்துக்குள் இறக்க வேண்டும்.

வெட்டும் திசையும் காரணமாகலாம். நீளக் கடைசலில் தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்தை நோக்கி, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவது போலவே, வெட்ட வேண்டும். அப்போது ஒவ்வொரு நாரையும் அடியிலுள்ள நார் தாங்கி நிற்கும். கிண்ணத்தின் வெளிப்புறத்தில் நார் குறுக்கே ஓடுவதால் இது தலைகீழாகி, அடியிலிருந்து விளிம்பை நோக்கிப் போக வேண்டியிருக்கும்.

எந்த வேகத்தில் சுழற்ற வேண்டும்?

கடைசல்காரர்களிடையே வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் வரும் எண் 6,000க்கும் 9,000க்கும் இடையே இருக்க வேண்டும். 8 அங்குலக் கிண்ணத்துக்கு அது ஏறத்தாழ 750 முதல் 1,100 சுற்று. 2 அங்குலப் பூரிக்கட்டைக்கு 3,000க்கு மேல் வரும்; ஆனால் பழகுபவர் 800இல் தொடங்கி, உருட்டையானபின் 1,500க்கு உயர்த்தினால் போதுமானது. கோணல் மாணலான கட்டைக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, எந்திரத்தின் மிகக் குறைந்த வேகம்தான். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணம் 1,500 சுற்றில் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது, அதாவது பினாங்குப் பாலத்தில் ஓடும் காரின் வேகம்.

இங்கே எந்த மரம் கிடைக்கும்? எது பழகுவதற்கு ஏற்றது?

நம்மில் பலருடைய தாத்தா பாட்டியர் சீவிய பால்மரமே பழகவும் சிறந்த மரம். பால் குறைந்தபின், நட்ட 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டப்படும் ரப்பர் மரம், ஒரு காலத்தில் விறகாகவும் தோட்டத்துப் புகைக்கூடத்தின் எரிபொருளாகவுமே மதிக்கப்பட்டது. இன்று மலேசிய மரச்சாமான் தொழிலே அதன் மேல் நிற்கிறது. வெளிர்நிறம், நடுத்தரக் கடினம், சீரான நார் என்பதால் உளிக்கு இணக்கமானது. ஆனால் வெட்டியவுடன் மருந்தேற்றி உலர்த்தாவிட்டால் சில நாள்களிலேயே நீலக் கறை படியும், துளைக்கும் வண்டும் வரும். ஆகவே தோட்டத்தில் கிடந்ததைத் தூக்கி வருவதைவிட, மரச்சாமான் பட்டறைகளில் மிஞ்சும் உலர்ந்த துண்டுகளைக் கேட்டு வாங்குவது நல்லது.

வீட்டருகே வெட்டப்படும் பழமரங்களையும் விடாதீர்கள். பலா கடைந்த அன்று மஞ்சளாக இருந்து, வெளிச்சம் படப்படப் பழுப்பேறும். மாமரத்தில் சில நேரம் எதிர்பாராத கருவரிகள் வெளிப்படும். சாலையோரங்களில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்குவதால் கிண்ணங்களுக்கு உகந்தது. தூசிதான் மூக்கில் மிளகுபோல் ஏறும். நம் வேங்கைக்கு உறவான அங்சானாவின் சீவலைக் கண்ணாடிக் குவளை நீரில் ஊறவைத்து வெயிலில் பிடித்தால் நீர் நீலமாக ஒளிர்வதைக் காணலாம். குழந்தைகளுக்கு இதைக் காட்டிவிட்டால் அன்று வேலை நடக்காது. சாலையோர மரம் புயலில் விழுந்திருந்தாலும் மாநகர் மன்றத்தின் ஆட்களிடம் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

செங்கால், மெர்பாவ் போன்ற கனமரங்கள் உளியை விரைவில் மழுக்குவதால் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். ரெங்காஸ் மரத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதன் சிவந்த அழகில் மயங்கி வாங்குவோர் உண்டு. மா, முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்த அதன் பால் தோலில் கடும் கொப்புளங்களை உண்டாக்கும்.

பச்சை மரத்தில் கடைந்த கிண்ணம் வெடித்துவிடுகிறதே?

மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையங்களின் வழியே ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அதனால்தான் மரத்தின் நடுமையம் உள்ளே இருக்கும் கட்டை அநேகமாக வெடித்தே தீரும். மையத்தை வாளால் பிளந்து நீக்கிவிட்டே கடைய வேண்டும்.

நடைமுறை வழி இதுதான். பச்சையாக இருக்கும்போதே கிண்ணத்தைத் தடிப்பாகக் கடையுங்கள். சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். வெட்டுமுகங்களில் மெழுகோ வெள்ளைப் பசையோ பூசி, காகிதப் பையில் அதன் சீவலோடு சேர்த்து வைத்து, வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றபின் மீண்டும் எந்திரத்தில் ஏற்றி முடியுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது. நம் ஈரக் காற்றில் இரண்டே நாளில் பூஞ்சை பூக்கும். வெயிலில் வைப்பது அதைவிட மோசம். நான் மாமரத்தில் கடைந்த மூன்று கிண்ணங்களை ஒரு நண்பகலில் மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே சென்றேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் வெடிக்கும் ஓசை கேட்டது.

இந்நாட்டில் திறந்த வெளியில் மரத்தின் ஈரம் சுமார் 15 விழுக்காட்டுக்குக் கீழே எளிதில் இறங்காது. குளிர்சாதன அறைக்குப் போகவிருக்கும் பொருளைச் சில வாரங்கள் அத்தகைய அறையிலேயே வைத்திருந்து, பிறகு இறுதிக் கடைசல் செய்வது பயன் தரும்.

எத்தகைய பாதுகாப்பு தேவை?

முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் வேண்டும். கண்ணாடி மட்டும் போதாது. எந்திரத்தை இயக்கும் கணத்தில் மரம் பறக்கக்கூடிய நேர்க்கோட்டிலிருந்து விலகி நில்லுங்கள். கையுறை அணியாதீர்கள். முழுக்கைச் சட்டை, துப்பட்டா, தொங்கும் முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் எந்திரத்தின் அருகே வரக் கூடாது.

நம்மவர்க்கென்று தனியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கோயிலில் கட்டிய காப்புக் கயிறு, கறுப்புக் கயிறு, கழுத்துச் சங்கிலி, தாலிக்கொடி ஆகியவற்றை உடலிலிருந்து அகற்ற மனம் ஒப்பாது என்பதை அறிவேன். ஆனால் சுழலும் மரத்தில் சிக்கிய கயிறு அறுந்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. கையையும் சேர்த்து இழுக்கும். மணிக்கட்டுக் கயிற்றைக் கழற்றிப் பூசை அறையில் வையுங்கள். தாலியை உள்ளாடைக்குள் செருகி, மேலே கழுத்துவரை மூடிய இறுக்கமான மேலங்கி அணியுங்கள்.

தூசியை இலேசாக எண்ண வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. உப்புத்தாள் போடும்போது என்95 முகமூடி கட்டாயம். அந்நேரம் உளி தாங்கியைக் கழற்றிவிடுவதும் விரலைக் காக்கும். எண்ணெய் பூசத் துணியைப் பயன்படுத்தாமல், சிக்கினால் கிழிந்துவிடும் காகிதக் கைத்துடைப்பையே பயன்படுத்துங்கள்.

கடைந்து முடித்ததற்கு எந்த எண்ணெய் பூசுவது?

சமையலறைப் பொருளுக்கு உணவுத் தரக் கனிம எண்ணெயும் தேன்மெழுகும் போதும். தேங்காய் எண்ணெய் உலர்ந்து படலமாகாது. நாளடைவில் சிக்குவாடையும் வரலாம். ஆளிவிதை எண்ணெய் நன்றாக உலரும், ஆனால் அது தோய்ந்த காகிதமோ துணியோ சுருட்டிக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்தோ நீரில் நனைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

அழகுப் பொருளுக்கு நம் மரபு காட்டும் வழி அரக்கு. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில், நிறமூட்டிய அரக்குக் குச்சியைச் சுழலும் பொம்மையின் மீது அழுத்துவர். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும். பின்னர் தாழை ஓலையால் தேய்க்க, பளபளப்பு எழும். தனித் தூரிகையோ உலைக்களமோ தேவையில்லை.

முறையாகக் கற்க எங்கே போவது?

ரவாங்கில் உள்ள தேசியக் கைவினைக் கழகத்தில் மரக் கைவினை முழுநேரப் படிப்பாகவே உள்ளது. வார இறுதியில் மட்டும் நேரம் கிடைப்போர், ஏற்கெனவே கடைபவர் ஒருவரைத் தேடி, இரண்டு மூன்று சனிக்கிழமைகள் பக்கத்தில் நின்று பார்ப்பதே நல்லது. காணொளிகளில் பலவும் கற்கலாம், ஆனால் உளியின் அழுத்தத்தைக் காணொளி காட்டாது.

இதில் வருமானம் வருமா?

கட்டில் காலும் படிக்கட்டுக் கம்பமும் ஆலைகளில் தானியங்கி எந்திரத்தில் நொடிக்கணக்கில் உருவாகும் காலம் இது. கொலுவுக்கு மரச் சொப்புகள், பழைய வீடுகளைப் புதுப்பிப்போர் கேட்கும் ஒன்றிரண்டு கம்பங்கள் எனச் சில வேலைகள் வரும். சாணைக்கல் வாங்கும் செலவு அதில் தேறும், வேலையை விட்டுவிடாதீர்கள்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் பம்பரம் கடையலாமா?

நீங்கள் உடனிருந்தால் கடையலாம். கிளந்தானில் போட்டிக்குச் சுழற்றும் காசிங் பம்பரம் 5 கிலோ வரை எடையுள்ளது. அது வல்லுநர் வேலை. பையனுக்கு 4 சென்டிமீட்டர் ரப்பர் மரத் துண்டு போதும். சக்கில் பிடித்து, வலப்பக்க முனையிலிருந்து கூர்ப்பகுதியைக் கடைந்து, தலையைத் தட்டையாக்கி, விரலால் திருகும் காம்பைக் கடைசியாக மெலியவைத்து, பிரிப்புளியால் துண்டிக்காமல் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைவாளால் அறுத்தெடுக்கச் சொல்லுங்கள். அவன் உயரத்துக்குக் காலடியில் உறுதியான பலகைமேடை ஒன்று போட்டு, சுழல்முனை அவன் முழங்கை மட்டத்துக்கு வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.